டீசலில் கடைசிக் கந்தகம் மட்டும் ஏன் இப்படி அடம் பிடிக்கிறது?

கோத்தகிரி பிக்கப்:
பச்சை இலை ஏற்ற இரண்டு பிக்கப் வைத்திருக்கிறேன், ஒன்று பழசு, ஒன்று பிஎஸ்6 (2020-இல் வந்த மாசு விதிப்படி செய்தது). டீசலில் கந்தகம் முன்பு 350 பிபிஎம் (பத்து லட்சத்தில் 350 பங்கு), அப்புறம் 50, 2020 ஏப்ரலில் இருந்து நாடு முழுக்க 10. வேதியியல் படிக்கிற என் மகள், 350-இல் இருந்து 50-க்கு இறக்கியதை விட அந்தக் கடைசி 40-ஐ எடுப்பதுதான் பெரிய பாடு என்கிறாள். எனக்குப் புரியவில்லை. அவளுக்கு செமினார் வேறு இருக்கிறது. இன்னொன்று, பழைய வண்டியில் பம்ப் ஓரமாக டீசல் கசிகிறது, கந்தகத்தை எடுத்ததால்தான் என்கிறார் மெக்கானிக். உண்மையா?

குன்னூர் ரிடையர்டு:
தம்பி, மகள் சொல்வது சரி. சுத்திகரிப்பு ஆலையில், ஹைட்ரஜனால் டீசலின் கந்தகத்தை எடுக்கிற ஹைட்ரோட்ரீட்டர் யூனிட்டில் வேலை பார்த்தவன் நான். டீசலையும் ஹைட்ரஜனையும் 350 டிகிரி சுற்றளவில், நல்ல அழுத்தத்தில், கேட்டலிஸ்ட் (வினையூக்கி) மேல் விடுவோம். மெர்காப்டன், சல்பைடு போன்ற எளிய கந்தகச் சேர்மங்கள் எல்லாம் சட்டென்று போய்விடும். கடைசியில் நிற்பது 4,6-டைமெத்தில்டைபென்சோதையோஃபீன். மூன்று வளையம் சேர்ந்த தட்டையான மூலக்கூறு, நடுவில் கந்தகம், அதன் இரண்டு பக்கமும் ஒட்டினாற்போல ஒவ்வொரு மெத்தில். கடை வாசலின் இரண்டு பக்கமும் லாரியை நிறுத்திவிட்டால் உள்ளே எப்படிப் போவது? கேட்டலிஸ்டால் கந்தகத்தை எளிதில் தொட முடியாது.

அதனால் சுற்று வழி. முதலில் ஒரு பக்க வளையத்தில் ஹைட்ரஜனை ஏற்ற வேண்டும். அப்பளம் எண்ணெயில் விழுந்ததும் வளைகிற மாதிரி அந்தத் தட்டை வளைந்துகொடுக்கும், கந்தகம் கைக்கு எட்டும். இந்த வேலைக்கு கோபால்ட்-மாலிப்டினம் கேட்டலிஸ்டை விட நிக்கல்-மாலிப்டினம் கெட்டி. ஆனால் டீசலில் இருக்கிற நைட்ரஜன் சேர்மங்கள் முதலில் ஓடிவந்து கேட்டலிஸ்டில் இடம் பிடித்துக்கொள்ளும், கந்தகம் ஹைட்ரஜனோடு சேர்ந்து வெளிவருகிற ஹைட்ரஜன் சல்பைடும் குறுக்கே நிற்கும், அதை அமீன் என்கிற காரக் கரைசலில் கழுவி எடுத்துவிட்டுத்தான் ஹைட்ரஜனைத் திரும்ப உள்ளே விடுவோம். சூட்டை ஏற்றினால் போதுமே என்று புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள். ரொம்ப ஏற்றினால் வளையத்தில் ஏறிய ஹைட்ரஜன் கழன்றுவிடும், கேட்டலிஸ்டில் கரி படியும், டீசலின் நிறமும் கெடும்.

மேட்டுப்பாளையம் பம்ப் ரூம்:
அண்ணா, கசிவுக்கு நேர்க் காரணம் கந்தகம் இல்லை. அதே ஹைட்ரஜன் வேலையில் அரோமேடிக் (பென்சீன் வளையம் உள்ள) பொருட்களும் குறைகின்றன. பழைய டீசலில் வருஷக்கணக்காக ஊறி உப்பியிருந்த நைட்ரைல் ரப்பர் சீல், புது டீசலில் சுருங்கும், அந்த இடைவெளியில் கசியும். சீல் செட்டை மாற்றிவிடுங்கள், வைட்டான் (ஃப்ளோரின் ரப்பர்) கிடைத்தால் நல்லது. டீசலின் வழுவழுப்பும் இந்தச் சுத்திகரிப்பில் குறையும், அதற்கு ஆலையிலேயே சேர்மானம் கலந்துதான் அனுப்புகிறார்கள். பங்கில் யாராவது இன்ஜின் ஆயில் கலந்து ஊற்றச் சொன்னால் கேட்காதீர்கள், பிஎஸ்6 வண்டியில் அதன் சாம்பல் டிபிஎஃப் என்கிற புகைக்கரி வடிகட்டியில் போய் அடையும், அது எரிந்து போகாது.

கொடைக்கானல் டீச்சர்:
உங்கள் மகளிடம் இதையும் சொல்லுங்கள் சார். ஹைட்ரஜனுக்கு மசியாத அதே மூலக்கூறு, ஃபார்மிக் அமிலத்தோடு ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்தால் மெத்தில் இல்லாத டைபென்சோதையோஃபீனை விட முந்திக்கொண்டு வினைபுரியும். மெத்தில் தொகுதிகள் கந்தகத்தின் மேல் எலக்ட்ரான் அடர்த்தியைக் கூட்டிவிடுகின்றன. அங்கே தடை, இங்கே உதவி. சல்ஃபோனாக (கந்தகத்தில் இரண்டு ஆக்சிஜன் ஏறிய சேர்மமாக) மாறியதும் அசிட்டோனைட்ரைல் போன்ற கரைப்பானில் பிரித்துவிடலாம். பிரித்த சல்ஃபோனை என்ன செய்வது, அதோடு கரைந்து போகிற டீசலுக்கு யார் பொறுப்பு, இதுதான் சிக்கல். ரோடோகாக்கஸ் பாக்டீரியா கார்பன் கூட்டைத் தொடாமல் கந்தகத்தை மட்டும் எடுக்கும், மெதுவாக. என் மாணவிகளுக்கு இந்த இடம் வந்தால் ஒரு பீரியட் போதாது.

கோத்தகிரி பிக்கப்:
ரொம்ப நன்றி. அப்பளம் உதாரணத்தை மகள் அப்படியே எழுதிக்கொண்டாள். இத்தனை ஹைட்ரஜன் எங்கிருந்து வருகிறது என்று கேட்கிறாள் ஐயா.

குன்னூர் ரிடையர்டு:
ரீஃபார்மர் யூனிட்டில் நாப்தா என்கிற லேசான எண்ணெயில் இருந்து பெட்ரோல் சரக்கு தயாரிக்கும்போது கொஞ்சம் துணையாகக் கிடைக்கும். மீதியை இயற்கை வாயுவையோ நாப்தாவையோ நீராவியோடு சூடாக்கி எடுப்போம், அதில் கார்பன் டை ஆக்சைடும் வெளியே போகும். செமினாரில் அதையும் சொல்லச் சொல்லுங்கள்.