வளவைத் தாண்டாத வைஃபை

கானாடுகாத்தான்வாசி:
எங்கள் செட்டிநாட்டு வீட்டில் ரூட்டர் முகப்பில் இருக்கிறது. வளவு (நடுமுற்றப் பகுதி) வரை சரி, அதற்குப் பின்னால் இரண்டாம் கட்டுக்குப் போனால் சிக்னலே இல்லை. அப்பத்தா அடுப்படியில் உட்கார்ந்துதான் வீடியோ காலில் பேசுவார், முகப்புக்கு வரமாட்டேன் என்கிறார். சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் ஒன்று வாங்கி வைத்தேன். கோடு முழுசாகக் காட்டுகிறது, வேகம்தான் இல்லை. மெஷ் (ஒரே வலையாகச் சேர்ந்து இயங்கும் பல வைஃபை பெட்டிகள்) வாங்கலாமா?

தேவகோட்டை மச்சு:
மெஷ்ஷுக்குக் காசைக் கொட்டாதீர்கள் அண்ணே. நம் சுவர் கனத்துக்கு 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலை சுத்தமாகத் திணறும், 2.4 கொஞ்சம் தாங்கும். ஒரே ரேடியோவில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்புகிற ரிப்பீட்டர் என்றால் வேகம் பாதியாகத்தான் ஆகும். கேட்6 நெட்வொர்க் கேபிளைத் தாழ்வாரத்து உத்தரத்தோரமாக இழுத்து, பின்கட்டில் பழைய ரூட்டரை ஆக்சஸ் பாயிண்டாக (கேபிளில் வரும் இணையத்தை வைஃபையாகத் தரும் பெட்டியாக) வையுங்கள், 100 மீட்டர் வரை கவலையில்லை. சுவரில் மட்டும் துளை போடாதீர்கள், முட்டை வெண்கரு கலந்த அந்த முட்டைப்பூச்சை இன்றைக்கு யார் பூசித் தருவது?

பள்ளத்தூர் சால்டரிங்:
அதே பழைய ரூட்டரில் ஓப்பன்டபிள்யூஆர்டி (ரூட்டருக்கான இலவச இயங்குதளம்) ஏற்றுங்கள். தயாரித்தவர் அப்டேட்டை நிறுத்திவிட்டாலும் இதில் வந்துகொண்டிருக்கும், 2004-இலிருந்து ஓடுகிற திட்டம். ஆனால் 8 எம்பி ஃபிளாஷ், 64 எம்பி ராமுக்குக் குறைவான பெட்டி என்றால் விட்டுவிடுங்கள். மாடல் பெயரோடு அடியில் ஒட்டியிருக்கும் வெர்ஷன் எண்ணையும் பாருங்கள். நான் அதைப் பார்க்காமல் ஏற்றி, ஒரு ரூட்டர் இப்போது பேப்பர் வெயிட்டாக இருக்கிறது.

கானாடுகாத்தான்வாசி:
சரி. இரண்டாவது ரூட்டரில் டிஹெச்சிபியை (கருவிகளுக்குத் தானாக ஐபி எண் தரும் வசதியை) அணைக்க வேண்டுமா?

தேவகோட்டை மச்சு:
ஆமாம். அந்த ரூட்டரின் ஐபி எண்ணையும் முதல் ரூட்டரோடு மோதாதபடி மாற்றிவிட்டு, கேபிளை அதன் லேன் (LAN) போர்ட்டில் செருகுங்கள், இணைய இணைப்புக்கான வேன் (WAN) போர்ட்டில் அல்ல.