[கலைச்சொல்] பேட்டரிக் கட்டையா, மின்கலமா? வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

கடம்பூர் மலை, ஈரோடு மாவட்டம். செவ்வாய் இரவு

குழுவில் எல்லோருக்கும் வணக்கம்ங்க.

போன மாசம் 650 ரூபாய்க்கு ஒரு டார்ச் வாங்கினேன். உள்ளங்கையில் அடங்குகிற அலுமினியக் குழாய், உள்ளே ஒரே ஒரு கட்டை. மக்காச்சோளக் காட்டில் பரண் மேல் நின்று அடித்தால் ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிற வேப்பமரம் இலை இலையாகத் தெரிகிறது. அப்பா முப்பது வருசம் வைத்திருந்த அஞ்சு கட்டை லைட்டு இதன் கிட்டவே வராது. அந்த லைட்டின் மஞ்சள் வெளிச்சத்தில் காட்டுப்பன்னியும் கரும்பாறையும் ஒன்றுபோலத்தான் இருக்கும். இதில் பன்னியின் மயிர் சிலிர்ப்பது தெரிகிறதுங்க. இந்த விலைக்கு இப்படி ஒரு வெளிச்சம் கிடைக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. பார்த்தவர்கள் எல்லோரும் கேட்க, ஊருக்கு மொத்தமாக 40 வாங்கிவிட்டோம்.

கூட வந்த தாளில் தமிழ் இல்லை. இரண்டு பக்கத் துண்டறிக்கை ஒன்று நானே எழுதுகிறேன். சத்தியமங்கலத்தில் அச்சகத்துக்கு வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும். மூன்று இடத்தில் நிற்கிறேன். உள்ளே இருக்கிற 18650 என்கிற லித்தியம் செல்லுக்கு ஒரு பெயர். அதிலேயே பாதுகாப்பு மின்சுற்று வைத்து வருவதற்கு ஒரு பெயர். வெளிச்சம் எவ்வளவு தூரம் எட்டும் என்பதை ஆங்கிலத்தில் த்ரோ என்கிறார்களே, அதற்கு ஒரு பெயர். சொல் கொடுங்கள்.

தஞ்சாவூர். புதன் காலை

அன்புத் தம்பிக்கு,

முதல் வினாவுக்கு விடை பல்லாண்டுகளாகப் பாடநூலில் இருக்கிறது: மின்கலம். மின்னைக் கொண்ட கலம். இதைவிடத் தெளிவான சொல் வேண்டுமா? இரண்டாவதற்குக் காப்புக்கலம் என்க. மூன்றாவதற்கு ஒளிவீச்சு.

டார்ச் என்ற சொல்லையும் இந்த வாய்ப்பில் விட்டுவிட வேண்டுகிறேன். குறுந்தொகை 150ஆம் பாட்டில் மாடலூர் கிழார், பரண்மேல் இருக்கும் சேணோன் (காவலன்) கொளுத்திய ஞெகிழி வான்மீனைப் போல அங்கங்கே இமைப்பதாகச் சொல்கிறார். தினைப்புனம், பரண், இரவுக் காவல், கையில் ஒளி. உங்கள் காடேதான் அது. ஞெகிழி என்றால் கொள்ளிக்கட்டை. மின்ஞெகிழி என்று வழங்கினால் ஈராயிரம் ஆண்டுத் தொடர்ச்சி கிட்டும்.

மதுரை, பாலிடெக்னிக் விரிவுரையாளர். புதன் பகல்

ஐயா, ஞெகிழியை இன்று யாரிடம் சொன்னாலும் பிளாஸ்டிக் என்றுதான் கேட்பார்கள். நெகிழி ஒழிப்பு என்று ஊரெங்கும் சுவரில் எழுதியிருக்கிறது. மின்ஞெகிழி என்றால் மின்சார வயரின் மேலுறை என்று என் மாணவர்கள் நினைப்பார்கள்.

மின்கலத்தில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் தமிழில் பேட்டரிக்கும் செல்லுக்கும் வேறுபாடு காட்டாமல் எழுதுவதை நிறுத்த வேண்டும். பேட்டரி என்றால் பீரங்கி வரிசை. 1740களின் கடைசியில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின், மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்கும் லேடன் ஜாடிகளை வரிசையாக இணைத்துவிட்டு அந்தப் பெயரை வைத்தார். 1800இல் வோல்ட்டா செய்தது உண்மையிலேயே ஓர் அடுக்கு: துத்தநாகம், வெள்ளி, உப்புநீர் தோய்த்த அட்டை, மறுபடி துத்தநாகம். ஆகவே பேட்டரி மின்கல அடுக்கு, செல் மின்கலம். தம்பியின் டார்ச்சில் இருப்பது ஒற்றைக் கலம்.

எண்ணையே பெயராக வைத்தாலும் தவறில்லை. 18650 என்றால் 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். 21700, 14500 எல்லாம் இதே முறைதான். இதில் 14500 மிகவும் கவனிக்க வேண்டியது. அது கடிகாரத்தில் போடும் சின்னக் கட்டையின் அளவே இருக்கும். கடிகாரக் கட்டை 1.5 வோல்ட், இது 3.7. மாற்றிப் போட்டால் சாதனம் கெட்டுவிடும். பெயர் வைக்கும்போது இந்த ஆபத்தை மனதில் வையுங்கள்.

யாழ்ப்பாணம், விஞ்ஞான ஆசிரியை. புதன் மாலை

வணக்கம். எங்கட பக்கம் ரோச் லைற், பற்றரி என்றுதான் கதைக்கிறது. வகுப்பிலே மின்கலம். ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. எங்களுக்குக் கலம் என்றால் முதலில் உயிரியல். விலங்குக்கலம், தாவரக்கலம், கலச்சுவர். நீங்கள் உயிரணு, செல் என்று எழுதுவதை நாங்கள் கலம் என்று எழுதுகிறோம். ஆகையால் மின் என்ற முன்னொட்டை எங்கேயும் விடாதீர்கள். காப்புக்கலம் என்று மட்டும் போட்டால் எங்கட பிள்ளைகள் தாவரத்தின் காவற்கலத்தை நினைப்பார்கள். இலைவாய்க்குப் பக்கத்திலே இருப்பது. காப்பு மின்கலம் என்று பிரித்து எழுதுங்கள்.

கடம்பூர் மலை. புதன் இரவு

ஐயாவுக்கும் டீச்சருக்கும் நன்றிங்க. மின்கலம் என்று எழுதிய படியை இன்று பக்கத்துக் காட்டு அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். “மின்கலத்தை வெயிலில் வைக்கக் கூடாது” என்று வாசித்ததும் தலையை ஆட்டினார். மத்தியானம் போய்ப் பார்த்தால் தகரக் கூரை மேல் டார்ச்சின் கட்டையை வெயிலில் காயப் போட்டிருக்கிறார்!

இந்தப் பக்கம் எல்லோரும் செய்வதுதான். பழைய கட்டை மங்கினால் வெயிலில் வைப்போம், பல்லால் கடித்து நசுக்குவோம், இன்னும் இரண்டு நாள் எரியும். லித்தியத்தை அப்படிச் செய்தால் தீப்பிடிக்கலாம் என்று உங்களுக்குத் தெரியும். “நீதானே சாமி மின்கலம்னு என்னமோ படிச்சே, இது கட்டைதானே” என்றார்ங்க. அவருக்கு நான் சொன்னது வேறு ஏதோ ஒரு சாமான்.

அதனால் கட்டை என்ற சொல் துண்டறிக்கையில் இருந்தே ஆக வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன்.

நாகர்கோவில், மொழிபெயர்ப்பாளர். வியாழன் காலை

தம்பி சொன்னதை நான் தலைகீழாகப் பார்க்கிறேன். கட்டை என்ற பெயர்தானே அந்த அம்மாவைக் கூரை ஏற வைத்தது? பேர் ஒன்றானால் பழக்கமும் ஒன்றாகிவிடும். புதுப் பொருளுக்குப் புதுப் பேர் வைத்தால்தான் “இது அது இல்லை” என்று மனதில் படும். மின்கலம் விளங்கவில்லை என்றால் வேறு சொல் பாருங்கள். பழைய சொல்லுக்குத் திரும்பாதீர்கள்.

மூன்றாவது வினா பற்றி. தூரத்தை அளக்க ஒரு வழக்கம் இருக்கிறது: வெளிச்சம் குறைந்து குறைந்து 0.25 லக்ஸ் (ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தின் அலகு) ஆகும் இடம்வரை அளந்து அட்டையில் போடுகிறார்கள். அது ஏறத்தாழ முழுநிலா வெளிச்சம். அப்படியானால் நிலவு எட்டும் தூரம். நிலவெட்டம் என்று சொன்னால் என்ன? எங்கள் ஊரில் வெளிச்சத்துக்கே வெட்டம் என்றுதான் பேர். நில வெட்டம் என்று பிரித்தாலும் நிலா வெளிச்சம் என்றே காதில் விழும். மலையாளத்திலும் அதே சொல். வெட்ட வெளிச்சம் என்று எல்லோரும் சொல்கிறீர்களே, அந்த வெட்டமும் இதுவாகத்தான் இருக்கும்.

தஞ்சாவூர். வியாழன் காலை

அம்மா, வெட்டவெளியில் உள்ள வெட்டம் என்ன? அங்கே ஒளி இல்லை, திறந்த பரப்புதான் இருக்கிறது. வெட்டவெளிச்சம் அதன் நீட்சி என்று கொள்வதே பொருத்தம். நிலவெட்டம் கவித்துவமானது, ஒப்புகிறேன். ஆனால் கொங்கு நாட்டு உழவர் நிலத்தை வெட்டுவதாகவே பொருள்கொள்வார். நிலவு + எட்டம் என்று பிரித்துக் காட்டும் அடிக்குறிப்பைப் பரண்மேல் யார் படிப்பார்?

மதுரை. வியாழன் பகல்

எண்ணைச் சரியாகச் சொன்னால் பெயர் எப்படியிருந்தாலும் பரவாயில்லை. ஒரு திசையில் போகும் ஒளியின் செறிவைக் கேண்டெலாவில் அளப்பார்கள். அந்த அளவின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் 0.25 லக்ஸ் விழும் தூரம் மீட்டரில் கிடைக்கும். 10,000 கேண்டெலா என்றால் 200 மீட்டர். தூரத்தை இரு மடங்காக்கக் கேண்டெலா நான்கு மடங்கு வேண்டும்.

தம்பி, அட்டையில் 10,000 லூமன் (விளக்கு தரும் மொத்த ஒளியின் அலகு) என்று போட்டிருக்கிறதா? பெரும்பாலும் அப்படித்தான் வரும். அதைத் துண்டறிக்கையில் ஏற்றாதீர்கள். வாட்டுக்கு 100 லூமன் என்று வைத்துக்கொண்டால் 100 வாட் வேண்டும். 3.7 வோல்ட்டில் அது 27 ஆம்பியர். 2600 மில்லிஆம்பியர்-மணிக் கட்டையில் இருப்பதே 9.6 வாட்-மணி, ஆறு நிமிடத்தில் தீர்ந்துவிடும், அதற்குள் கையில் பிடிக்க முடியாமல் சுட்டுவிடும். ஆயிரம் லூமன் கிடைத்தாலே 650 ரூபாய்க்கு அது அருமையான விளக்கு. கட்டையின் மேல் 9900 என்று அச்சிட்டு விற்பதும் பொய். இந்த அளவுக் கட்டையில் நல்ல தயாரிப்புக்கே 3500 பக்கம்தான். மளிகைக்கடைத் தராசில் வைத்துப் பாருங்கள், நல்ல கட்டை 45 கிராம் பக்கம் இருக்கும்.

எழுதி முடித்துப் பார்க்கிறேன், நானே எத்தனை இடத்தில் கட்டை என்று எழுதிவிட்டேன்! மின்கலம் எனக்கு வகுப்பறையில்தான் வாயில் வருகிறது. சிறு வயதில் தீர்ந்த கட்டையை உடைத்து நடுவில் இருக்கும் கரிக்கட்டையை எடுத்துத் தரையில் எழுதியிருக்கிறோம். பேட்டரிக் கட்டை என்ற பெயரே அந்தக் கரிக்கட்டையிலிருந்து வந்திருக்கும் என்பது என் நெடுநாள் எண்ணம்.

சென்னை, இசை ஆசிரியர். வியாழன் மாலை

இவ்வளவு நாள் வாசிப்பதோடு இருந்தேன், கட்டை என்றதும் எழுதத் தோன்றியது. ஆர்மோனியத்தில் அழுத்தும் ஒவ்வொன்றும் கட்டைதான். அதில் எண்ணித்தான் ஒரு கட்டை, அஞ்சரைக் கட்டை என்று சுருதி சொல்கிறோம். அஞ்சு கட்டைச் சுருதி, அஞ்சு கட்டை லைட்டு இரண்டிலும் வரிசையாக எண்ணக்கூடிய திண்மையான ஒரு துண்டு என்பதே பொருள். கரிவரைக்கும் போக வேண்டியதில்லை. கட்டை எண்ணிக்கை கூடினால் சுருதி ஏறும், வோல்ட் ஏறும். நம் மக்கள் தாமே கண்டுபிடித்த அலகு அது.

ஒரு யோசனை. சார்ஜ் ஏத்து என்றுதானே எல்லோரும் சொல்கிறோம்? மின்னேற்றம் என்பது எழுத்திலும் இருக்கிறது. ஏற்றுக்கட்டை என்று வைத்தால் என்ன?

தஞ்சாவூர். வியாழன் இரவு

ஏற்றுகட்டை. ககரம் மிகாது. சுடுகாடு, ஊறுகாய் போல இது வினைத்தொகை. ஏற்றுக்கட்டை என்று ஒற்று மிகுத்தால் ‘ஏற்றுக்கொண்ட’ என்னும் நினைவு வரும்.

நான் மின்கலத்தின் பக்கமே நிற்கிறேன். ஆயினும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஏற்றிய கட்டை, ஏற்றுகின்ற கட்டை, ஏற்றும் கட்டை என மூன்று காலத்தையும் இத்தொகை தன்னுள் அடக்குகிறது. மீண்டும் மீண்டும் மின்னேற்றத்தக்கது என்று நீட்டி எழுதும் கருத்து முழுவதும் இதில் அமைந்துவிட்டது. இசை ஆசிரியருக்கு என் பாராட்டு. கட்டை மட்டும்தான் உறுத்துகிறது. ஏற்றுகலம் ஆகாதா?

யாழ்ப்பாணம். வியாழன் இரவு

ஏற்றுகலம் என்றால் எங்கட ஆட்களுக்குச் சரக்கு ஏற்றுகிற கப்பல், ஐயா.

கடம்பூர் மலை. வெள்ளி காலை, 6 மணி

அச்சகத்துக்குப் பத்து மணிக்குள் போகணும். முடிவு என்னுடையது, தப்பிருந்தால் பொறுத்துக்கங்க.

ஏற்றுகட்டை என்றே போடுகிறேன். நாகர்கோவில் அக்கா சொன்ன பயம் ராத்திரி முழுக்க மனதில் இருந்தது. அதனால் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில், “இது பழைய கட்டை அல்ல, ஏற்றுகட்டை. வெயிலில் காய வைக்காதீர்கள், கடிக்காதீர்கள், தண்ணீரில் போடாதீர்கள், உறை கிழிந்தால் பயன்படுத்தாதீர்கள்” என்று வைத்துவிட்டேன். கட்டை என்று பார்த்தால்தான் தனக்குச் சொல்கிறது என்று அந்த அம்மா படிப்பார். ஏற்று என்று முன்னால் இருந்தால் இது வேறு என்று தெரியும்.

பாதுகாப்புச் சுற்று உள்ளதற்குக் காப்புக் கட்டிய கட்டை. எங்கள் பக்கம் பொங்கலுக்கு முன்னால் வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ சேர்த்து வீட்டுக்கும் காட்டுக்கும் காப்புக் கட்டுவோம். கட்டையின் அடியில் வட்டமான சின்னச் சுற்றுப்பலகை வைத்து, பக்கவாட்டில் ஒரு தகட்டுப் பட்டையை மேலே கொண்டுபோய் உறை போர்த்துகிறார்கள், பார்க்கவும் காப்புக் கட்டியதுபோலத்தான் இருக்கிறது. அளவுக்கு மேல் ஏறினாலும், அடியோடு இறங்கினாலும், இரு முனை முட்டிக்கொண்டாலும் அது மின்னோட்டத்தை அறுத்துவிடும் என்று எழுதியிருக்கிறேன். அதனால் நீளம் நாலைந்து மில்லிமீட்டர் கூடும், சில டார்ச்சில் மூடி திருகாது என்பதையும் சேர்த்திருக்கிறேன்.

நிலவெட்டம் எனக்கு ரொம்பப் பிடித்ததுங்க. ஆனால் துண்டறிக்கையில் “இத்தனை மீட்டருக்கு அப்பால் நிலா வெளிச்சம் அளவுக்குத்தான் விழும்” என்று நீட்டியே எழுதிவிட்டேன். டார்ச் டார்ச்சாகவே இருக்கிறது.

தஞ்சாவூர். வெள்ளி பகல்

அச்சுக்குப் போய்விட்டது என்றால் சரி. என் மாற்றுக் கருத்து குழுவின் பதிவில் இருக்கட்டும். நெடுநல்வாடையில் யவனர் செய்த பாவை கையில் ஏந்தியதைப் புலவர் அகல் என்றே சொன்னார். பொருள் புறத்திலிருந்து வந்தாலும் சொல் நம்முடையதாயிற்று. அதுபோல மின்கலம் ஒருநாள் பரண் ஏறும். அதற்குப் பள்ளிகள்தாம் உழைக்க வேண்டும்.

யாழ்ப்பாணம். வெள்ளி மாலை

சோதனைத்தாளிலே மின்கலம் என்றுதான் வரும், ஆகவே வகுப்பிலே நான் அதையே சொல்லுவன். ஆனால் அந்த முதல் பக்கத்தின் படி ஒன்று எனக்கும் அனுப்புங்கோ தம்பி. கட்டை இருக்கிற இடத்திலே பற்றரி என்று மாற்றி இங்கே ஒட்டலாம். காயவைக்கிற பழக்கம் எங்கட ஊரிலும் இருக்கிறது.

நாகர்கோவில். சனி காலை

காப்புக் கட்டிய கட்டையை ஏற்றுக்கொள்கிறேன். ஏற்றுகட்டையை இன்னும் இல்லை. தகரக் கூரை அம்மா படித்துவிட்டு என்ன சொன்னார் என்று எழுதுங்கள், அதற்குப் பிறகு பார்க்கலாம்.