[கலைச்சொல்] துப்பாக்கித் தொலைநோக்கியின் 'மவுண்ட்': வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

ஆசிரியை, சுங்கை சிப்புட்:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் வரலாற்றுக் கண்காட்சிக்கு விளக்க அட்டைகளைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். 1948 ஜூன் 16 அன்று இந்த வட்டாரத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுடப்பட்ட பிறகுதானே மலாயாவில் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை அடக்கப் பிரிட்டிஷ் அரசு அறிவித்த அவசரகாலமே வந்தது. அதனால் ஆயுதங்களுக்கும் ஒரு சுவர். நிஜத் துப்பாக்கி கிடையாது, பெரிதாக்கிய படங்கள் மட்டும். முப்பத்தொரு அட்டை முடிந்தது, அடுத்ததில் மாட்டிக்கொண்டேன்.

படத்தில் இருப்பது பிரிட்டிஷ் படையின் நான்காம் எண் லீ-என்ஃபீல்டு, குறிபார்த்துச் சுடுபவருக்கென்று மாற்றிய வகை. மேலே மூன்று மடங்கு பெரிதாக்கிக் காட்டும் தொலைநோக்கி. அதைத் துப்பாக்கியோடு பிணைக்க ஓர் இரும்புச் சட்டம், இரண்டு வளையம், கையால் முடுக்கும் இரண்டு பெரிய திருகு. இந்தச் சட்டத்துக்குத்தான் பெயர் வேண்டும். ஆங்கிலத்தில் 'மவுண்ட்'. மலாய் அட்டைக்காரர் 'பெமெகாங்' என்று ஒரே நிமிடத்தில் முடித்துவிட்டார். சட்டத்தில் ஏதோ எண் வெட்டியிருக்கிறது, தேய்ந்துவிட்டது போல, வாசிக்க வரவில்லை. வெள்ளி மதியம் அச்சகத்துக்குக் கொடுக்கவேண்டும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ஈப்போ:

அம்மா, சொல் தயாராக இருக்கிறது: ஏந்தி. ஏந்து என்ற வினையோடு கருவிப்பொருள் தரும் இகர விகுதி. 'தாங்கி' என்று யாராவது வருவார்கள், விட்டுவிடாதீர்கள். தாங்குவது பாரத்தை, ஏந்துவது பொருளை. திருவோட்டை ஏந்துகிறோம், யாரும் தாங்குவதில்லை. மேலும் ஏந்தியதை எடுத்துவிடலாம். ஜெர்மானியர் செய்த நகம் போன்ற கொக்கி வகைக்கு 'உகிர்ப்பற்றி' என்று வையுங்கள். உகிர் சங்கச் சொல், புலிக்கும் பருந்துக்கும் வருவது.

கிள்ளான் உறுப்பினர்:

ஐயா மன்னிக்கவும், உங்கள் உகிர்ப்பற்றியைப் போல 'தொலைநோக்கிப் பற்றி' என்று அட்டையில் போட்டால் தொலைநோக்கி பற்றிய கட்டுரை என்றுதான் வாசிப்பார்கள். ப் வந்தால் கருவி, வராவிட்டால் கட்டுரையா? பார்க்க வருவது ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள். 'மவுண்ட்டு' என்றே எழுதிவிடலாம். 'கடிசொல் இல்லைக் காலத்துப் படினே' என்று தொல்காப்பியரே கதவைத் திறந்துவிட்டிருக்கிறார்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ஈப்போ:

தம்பி, காலத்தால் வழங்கிய சொல்லுக்குத்தான் அந்தக் கதவு. நேற்று ராத்திரி நீங்கள் தூக்கிக்கொண்டு வந்த சொல்லுக்கு இல்லை. சென்னைக்காரர் காதில் மவுண்ட் என்றால் பரங்கிமலை. துப்பாக்கி மேல் மலையா?

பட்டறைக்காரர், சித்தியவான்:

படம் என் கைப்பேசியில் திறக்கவில்லை, எழுத்தை மட்டும் படித்தேன். முப்பது வருஷம் தோட்டத்து ரப்பர் ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்தவன். துப்பாக்கியைத் தொட்டதில்லை, ஆனால் பழைய கம்மியர் வேலை என்றால் தேடிப் படிப்பேன்.

டீச்சர், சொல் தேடும்முன் அது என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். தொலைநோக்கியைக் கழற்றி, பெட்டியில் வைத்து, திரும்ப மாட்டினால் குறி பழைய இடத்திலேயே இருக்கவேண்டும். உட்காரும் இடம் ஒரு தலைமயிர் கனம் விலகினாலும் நூறு கெஜத்தில் குண்டு அங்குலக் கணக்கில் தள்ளிப் போகும். பால்மரத்து மங்கு, அதுதான் ரப்பர்ப் பால் பிடிக்கிற கோப்பை, கம்பி வளையத்தில் உட்கார்ந்திருக்கிறதே, எடுத்துப் பாலை ஊற்றிவிட்டுக் கொஞ்சம் சாய்த்து வைத்தாலும் பால் விழும். இதற்கு அந்தச் சலுகை இல்லை.

ஜெர்மனியின் ஜூல் நகரத்துக் கம்மியர்கள் அந்த நகக்கொக்கியைக் கையால் ராவியே பொருத்தினார்கள். கொக்கியில் விளக்குக் கரியைப் பூசுவது, குழியில் அழுத்துவது, எடுப்பது. உரசிய இடம் மட்டும் பளபளக்கும். அங்கே அரத்தால் ஒரே ஓர் இழுப்பு. மறுபடி கரி. ஓர் இழுப்பு கூடிப்போனால் ஆட்டம் வந்துவிடும், அப்புறம் அந்தத் துண்டு குப்பைக்கு. நாங்கள் பேரிங் சுரண்டும்போது நீலம் பூசிப் பார்ப்போம், அதே முறைதான்.

இங்கிலீஷ்காரர் துப்பாக்கி உடம்பின் பக்கவாட்டில் முன்னொன்று பின்னொன்றாக இரண்டு இரும்புத் திண்டு வைத்தார்கள், திருகாணியும் போட்டு ஈயப்பற்றும் வைத்து. 1942 முதல் இந்த மாற்றுவேலையைப் பெரும்பாலும் செய்தது லண்டன் ஹாலண்ட் அண்டு ஹாலண்ட். அந்தச் சட்டத்தில் இருப்பது துப்பாக்கியின் எண். தொலைநோக்கியின் எண்ணைத் துப்பாக்கியின் மரக்கட்டையில் வெட்டியிருப்பார்கள். இதுக்கு அது என்று ஜோடி சேர்த்தது, அண்ணன் சட்டையைத் தம்பி போடுகிற கதை இல்லை. ஆழமாக வெட்டுவார்கள், அத்தனை சுலபமாகத் தேயாதே.

ஆசிரியை, சுங்கை சிப்புட்:

அண்ணே, இது மொத்தத்தையும் அட்டையில் போடலாம் போலிருக்கிறது. இடம் நாற்பது சொல்தான். 'இருக்கை' சரி வருமா? போய் உட்காருகிற இடம்தானே.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ஈப்போ:

இருக்கை ஆளுக்கு. வேண்டுமானால் 'சேணம்'. ஆங்கிலச் சொல்லே குதிரை ஏறுவதற்கும் ஆகிவருவது. சேணமும் கழற்றி மாட்டுவதுதான், குதிரைக்குக் குதிரை அளவும் மாறும்.

கிள்ளான் உறுப்பினர்:

சேணம் வைத்த துப்பாக்கியா? பிள்ளைகள் சிரித்தே செத்துவிடும். சரி, மவுண்ட்டை விட்டுவிடுகிறேன். தாங்கி என்று போடுங்கள். சுமைதாங்கி, இடிதாங்கி இரண்டும் எல்லாருக்கும் தெரியும். சுடும்போது வருகிற உதையையும் இதுதானே தாங்குகிறது.

பினாங்கு உறுப்பினர்:

யாழ்ப்பாணத்தில் தாங்கி என்றால் தண்ணீர்த் தொட்டி. சொல்லி வைக்கிறேன், அவ்வளவுதான். மற்றபடி எனக்கும் தாங்கி சரியே.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ஈப்போ:

சுமைதாங்கி என்னவென்று தெரிந்துதான் சொல்கிறீர்களா? பிள்ளைத்தாய்ச்சியாக இறந்த பெண்ணின் நினைவுக்கு வழியோரம் நாட்டும் கல். வழிப்போக்கர் தலைச்சுமையை யார் உதவியும் இல்லாமல் இறக்கிவைக்க, திரும்ப ஏற்றிக்கொள்ள, தோள் உயரத்தில்... (எழுதும்போதே தெரிகிறது, இது உங்கள் கட்சிக்குத்தான் சாதகம். எடுத்து வைப்பதும் திரும்ப ஏற்றுவதும் அதிலேயே இருக்கிறது. ஆனாலும் ஏந்திதான்.)

ஆசிரியை, சுங்கை சிப்புட்:

மணி பதினொன்று. என்னையும் சேர்த்துத் தாங்கிக்கு மூன்று பேர், ஏந்திக்கு ஐயா ஒருவர். 'தொலைநோக்கித் தாங்கி' என்று போட்டுவிட்டேன். நகக்கொக்கி வகைக்கு 'கொக்கித் தாங்கி', உகிரைத் தொடவில்லை. அச்சுப் பார்வைப் படி இணைத்திருக்கிறேன். ஐயா கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ஈப்போ:

கோபமில்லை. மறுப்பு பதிவில் இருக்கட்டும். அடுத்த பதிப்பில் ஏந்தி.

பட்டறைக்காரர், சித்தியவான்:

டீச்சர், அச்சு ஓடிவிட்டதா? படத்தை இப்போதுதான் மகளின் கணினியில் பார்த்தேன். தாங்கியோ ஏந்தியோ, அது துப்பாக்கியின் இடப்பக்கம் இருக்கவேண்டும். உங்கள் படத்தில் வலப்பக்கம் இருக்கிறது, வலப்பக்கம் இருக்கவேண்டிய பூட்டுப்பிடி, அதாவது தோட்டா ஏற்றக் கையால் இழுக்கிற பிடி, இடப்பக்கம் நிற்கிறது. படத்தைக் கண்ணாடி பார்த்ததுபோல் திருப்பிப் போட்டுவிட்டார்கள். எண் ஒன்றும் தேயவில்லை. ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள், வாசிக்கலாம்.