புதுப்பிப்பு: கான்ட்ராஸ்ட் அலர்ஜி, அம்மாவுக்குத் தோல் பரிசோதனை செய்தாச்சு

சி.டி. ஸ்கேனில் கான்ட்ராஸ்ட் (உள்ளுறுப்புகள் படத்தில் தெளிவாகத் தெரியப் போடும் மருந்து) ஊசி போட்டதும் அம்மாவுக்கு உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சுத்திணறல் வந்தது. மறுபடி ஸ்கேன் எடுக்கணும், என்ன செய்யலாம் என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஸ்கேன் நல்லபடியாக முடிந்தது.

பெரிதும் கைகொடுத்தது, "எந்த மருந்து போட்டாங்கன்னு முதல்ல கேட்டு வாங்குங்க" என்று ஒரு அக்கா சொன்ன யோசனை. ரிப்போர்ட்டில் பெயர் இல்லை. ஸ்கேன் சென்டரில் விசாரித்ததில் ஐயோஹெக்ஸால் என்று தெரிந்தது. அலர்ஜி டாக்டர் அதை வைத்தே பரிசோதனையைத் திட்டமிட்டார். செட்ரிசின் என்ற அலர்ஜி மாத்திரையை முன்கூட்டியே நிறுத்தச் சொன்னார். இல்லாவிட்டால் தோல் காட்டிக்கொடுக்காதாம்.

முன்கையில் பேனாவால் குறியிட்டு, ஐயோஹெக்ஸாலோடு ஐயோடிக்ஸனால், ஐயோப்ரோமைடு என்ற வேறு கான்ட்ராஸ்ட் மருந்துகளிலும் ஒவ்வொரு சொட்டு வைத்து ஊசியால் லேசாகக் குத்தினார்கள். கூடவே ஒப்பிட ஹிஸ்டமின் (அலர்ஜி இல்லாதவர்களுக்கும் தோலை வீங்க வைப்பது), சலைன் (வெறும் உப்பு நீர்). ஹிஸ்டமின் இடம் மட்டும் கொசு கடித்தது மாதிரி வீங்கியது. அலர்ஜி இல்லை போல என்று நினைத்தோம். அடுத்து, பத்து மடங்கு நீர்த்த மருந்தைத் தோலுக்குள் போட்டார்கள். 20 நிமிடத்தில் ஐயோஹெக்ஸால் போட்ட இடம் சிவந்து தடித்தது. எதிர்பாராதது, ஐயோடிக்ஸனாலும் தடித்தது! இரண்டின் பக்கச்சங்கிலியும் (மூலக்கூறின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் பகுதி) ஒரே மாதிரி என்றார் டாக்டர். ஐயோப்ரோமைடு போட்ட இடத்தில் எதுவும் வரவில்லை. அதைத்தான் ஸ்கேனுக்குப் போட்டார்கள், அவசர மருந்துகளைத் தயாராக வைத்துக்கொண்டு.

இறால், மீன் அலர்ஜிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் உறுதியாகச் சொன்னார். சிலர் அதைக் கேட்டிருந்ததால் எழுதுகிறேன்.