‘நீலாங்கரை வீடு’ குழு: பூல் லைனர் புராணம்

28 செப்டம்பர் 2024, சனி

அப்பா, காலை 6:02
இனிய காலை வணக்கம். இந்த நாள் இனிய நாளாக அமையட்டும்.

நான், 7:20
பூல்ல தண்ணி மறுபடி இறங்கியிருக்கு. வியாழக்கிழமைதான் ரொப்பினேன்.

அண்ணா, 7:31
அடிக்கிற வெயிலுக்கு ஆவியா போயிருக்கும்.

நான், 7:40
பக்கெட் வச்சுப் பாத்துட்டேன். பூல் தண்ணியையே ரொப்பி படிக்கட்டு மேல வச்சு, உள்ள ஒரு டேப், வெளிய ஒரு டேப் ஒட்டினேன். ஒரு நாள்ல பக்கெட்டுக்குள்ள அரை சென்டிமீட்டர் இறங்கிச்சு, வெளிய ரெண்டரை. அரை ஆவி, மீதி ரெண்டு நம்ம தலையெழுத்து. 8க்கு 4 மீட்டர் பூலுக்குக் கணக்கு போடு, தினம் 640 லிட்டர் மண்ணுக்குள்ள போகுது.

அத்தை, 7:44
அடப்பாவமே. எங்க வீட்ல நாலு பேர் குளிச்சு துவைக்கவே அவ்ளோ ஆகாதே!

சித்தப்பா, 8:05
பைப்லதான் லீக் இருக்கும்மா. ப்ளம்பரைக் கூப்பிடு.

நான், 8:09
ஒரு நாள் பூரா மோட்டாரை நிறுத்தியும் பாத்தேன் சித்தப்பா. அதே அளவுதான் இறங்குது. பூலுக்குள்ள விரிச்சிருக்கற பிளாஸ்டிக் ஷீட், அந்த லைனர்லதான் எங்கயோ ஓட்டை.

அப்பா, 8:30
லைனர் போட்டது 2012 மே மாதம். டைரியில் உள்ளது. தண்ணீர் 4 லாரி, ஒவ்வொன்றும் 12,000 லிட்டர். குளத்துக்குப் போக மீதம் சம்ப்பில் விட்டோம்.

அண்ணா, 8:34
பன்னெண்டு வருஷம் உழைச்சிருக்கு, போதும். அக்டோபர் முதல் வாரம் லீவ் போடறேன். தண்ணியை இறைச்சிட்டு புது லைனர் போட்டுடலாம்.

சித்தப்பா, 8:36
எதுக்குடா திரும்ப அந்தப் பிளாஸ்டிக்? ஒரேயடியா டைல்ஸ் போட்டுடு.

அண்ணா, 8:41
சுவர் இரும்பு பேனல் சித்தப்பா. அதுல டைல்ஸ் நிக்காது. உள்ள காங்கிரீட் தொட்டியே புதுசா கட்டணும்.

அம்மா, 8:50
இப்போ யாரும் தண்ணிய இறைக்கக் கூடாது

அண்ணா, 8:51
ஏம்மா?

அம்மா, 8:58
ஐப்பசி மழைல கிணத்துல தண்ணி எங்க நிக்கும்னு உனக்குத் தெரியாதா. போன டிசம்பர் மிக்ஜாம்ல பக்கத்துத் தெரு வீட்ல காலி பிளாஸ்டிக் சம்ப் மண்ணைப் பொளந்துட்டு மேல வந்துச்சே. இவ்ளோ பெரிய பள்ளத்தைக் காலி பண்ணிட்டு வேலை முடியறதுக்குள்ள மழை பிடிச்சா?

நான், 9:04
அம்மா சொல்றது சரி. உள்ள தண்ணி இருக்கறதாலதான் வெளித் தண்ணி லைனரை அழுத்தித் தூக்காம இருக்கு. இன்னொண்ணு, பழைய லைனரைக் காய விட்டா சுருங்கிடும். திரும்ப நிரப்பும்போது மூலைல கிழியும். அதனால ஓட்டை அடைக்கக் கூட காலி பண்ணக் கூடாது.

29 செப்டம்பர், ஞாயிறு

நான், 11:15
கண்டுபிடிச்சாச்சு!! மோட்டாரை நிறுத்தி, தண்ணி ஆடாம ஆனதும், ஆரஞ்சு கேசரி பவுடரைக் கரைச்சு சிரிஞ்ச்ல எடுத்துட்டு இறங்கினேன். லைட் பக்கத்துல, தண்ணி உள்ள வர்ற இன்லெட் ஓட்டை பக்கத்துல, சந்தேகம் வர்ற இடத்துல எல்லாம் மெதுவா விட்டா கலர் அப்படியே மெதந்துது. ஆழமில்லாத பக்கம், சுவரும் தரையும் சேர்ற மடிப்புல மட்டும் கலர் கோடா உள்ள போயிடுச்சு. கிட்ட போய்ப் பாத்தா பச்சையா ஒரு ஊசி நீட்டிட்டு நிக்குது.

வருண், 11:16
பாம்பா அத்த???

நான், 11:18
கோரைடா. கோரைப்புல்லு. லைனரைக் குத்திட்டு உள்ள வந்திருக்கு.

அத்தை, 11:25
நம்பவே முடியல. புல்லு பிளாஸ்டிக்கைக் கிழிக்குமா?

அம்மா, 11:27
கோரை எதைத்தான் கிழிக்காது. மேல பிடுங்கினா கீழ கிழங்கு இருக்கும்

நான், 11:40
ஊசியை வெட்டிட்டு, தண்ணிக்குள்ளயே ஒட்டற பேட்ச் போட்டாச்சு. மூலையை வட்டமா வெட்டணும், இல்லன்னா உரிஞ்சுடும். மார்ச் வரைக்கும் தாங்கினா போதும்.

சித்தப்பா, 12:02
மார்ச்னு யார் முடிவு பண்ணது?

நான், 12:03
கிணறு.

2 டிசம்பர், திங்கள்

அம்மா, காலை 7:10
கிணத்துல தண்ணிக்கு மேல 3 உறைதான் தெரியுது

அண்ணா, 7:30
நான் எதுவும் சொல்லல மா 🙏

(நடுவுல கிட்டத்தட்ட மூணு மாசம் அப்பாவோட காலை வணக்கம் மட்டும்தான். ஜனவரில அளவெடுத்துட்டுப் போனாங்க. நீள அகலம் மட்டும் இல்ல, மூலைக்கு மூலை குறுக்களவு, ஆழம் சரியற இடம் எல்லாம். லைனர் ரெடிமேட் கிடையாது, பூலுக்கு ஏத்த மாதிரி வெல்ட் பண்ணித் தர்றது. அளவு தப்பினா தரையில சுருக்கம், இல்ல மூலைல விரைப்பு.)

26 பிப்ரவரி 2025, புதன்

அம்மா, மாலை 5:15
9 உறை தெரியுது. இனி இறைக்கலாம்

நான், 5:20
பூல் அடி ஆழமான இடத்துலயே அஞ்சேகால் அடிதான். நிலத்தடி நீர் அதுக்கும் நாலு அடி கீழ போயிடுச்சு. குளோரின் போடறதை நிறுத்தி ஒரு வாரம் ஆச்சு, வெயில்ல எல்லாம் போயிருக்கும். தென்னைக்கும் வாழைக்கும் மாத்தி மாத்தி விடறேன்.

1 மார்ச், சனி

அண்ணா, 9:10
பழசை வெட்டி எடுத்தாச்சு. அந்த வாடை! நாலு நாள் ஊறின கோணிப்பை மாதிரி.

நான், 9:25
தரைல சிமெண்ட் பூச்சு அந்த மூலைல வெடிச்சிருக்கு. வெடிப்புல கைய விட்டா கோரைக்கிழங்கு, மணி கோத்த மாதிரி ஒண்ணோட ஒண்ணு. ஒரு சொம்பு நிறைய தோண்டினேன். கிழங்கோட எடுத்தாச்சு, ஒண்ணு பாக்கி இல்ல. இப்போ வெடிப்பை அடைச்சு மட்டம் பண்றாங்க.

வருண், 9:31
அத்த, அந்த கட்டி?

நான், 9:33
ஷாலோ பக்கம் எல்லாரும் கால்ல தட்டித் தட்டித் திட்டுவோமே அதா? வெறும் சிமெண்ட் கலவைடா. பூசினவங்க வழிச்சு எடுக்காம விட்டது. உளியால ஒரு தட்டு, போயிடுச்சு.

வருண், 9:34
ஐயோ. நான் கண்ணை மூடிட்டு நீந்தும்போது அதை வச்சுதான் கரை வந்துடுச்சுன்னு தெரிஞ்சுப்பேன்

நான், 11:50
புது லைனரை நாலு பேர் நாலு மூலைல பிடிச்சு ஓரத்தை ட்ராக்குள்ள செருகியாச்சு. சாக்ஸ் போட்டுட்டுதான் உள்ள இறங்கணும், வளையல் கொலுசு எல்லாம் கழட்டிடணும். இப்போ லைனருக்குப் பின்னாடி ரெண்டு பக்கமும் வேக்குவம் குழாய். மெதக்கற குப்பையை இழுக்கற ஸ்கிம்மர் வாயை டேப் போட்டு மூடி காத்தை உறிஞ்சறாங்க. சுவர்ல பட்டுனு போய் அறைஞ்சுது பாரு! அதுவரைக்கும் தொளதொளன்னு பாவாடை மாதிரி இருந்தது.

அண்ணா, 12:40
முதல் லாரி வந்தாச்சு. கணுக்கால் கூட நனையாத தண்ணில மண்டி போட்டு எல்லாரும் சுருக்கத்தை ஓரத்துக்குத் தள்றோம். தண்ணி ஏறிட்டா அப்புறம் தள்ளவே முடியாது.

சித்தப்பா, 12:52
போர் தண்ணி இருக்கே, எதுக்கு லாரி?

அம்மா, 12:55
போர் தண்ணில இரும்பு தம்பி. குளோரின் விழுந்தா பூல் முழுக்க ரசம்

அண்ணா, 2:30
இன்லெட் ஓட்டையை இப்பவே வெட்டிடலாம்னு சொன்னேன். இவ என்னை வெளிய போகச் சொல்லிட்டா.

நான், 2:33
தண்ணி ஓட்டைக்கு நாலு விரக்கடை கீழ வர்ற வரைக்கும் வெட்டக் கூடாது. எடை ஏற ஏற லைனர் கொஞ்சம் இழுக்கும், அவசரப்பட்டா ஓட்டை இடம் மாறிடும். 

நான், இரவு 7:30
வந்த ஆள் ஓட்டையைச் சரியா வெட்டினாரு, ஆனா பழைய கேஸ்கெட்டையே திரும்ப மாட்டப் பாத்தாரு. பன்னெண்டு வருஷம் குளோரின்ல வெந்த ரப்பர்! நான் முன்னாடியே புதுசு வாங்கி வச்சிருந்தேன். காட்டினதும் ‘இதுவும் நல்லாதான் மேடம் இருக்கு’ன்னுட்டு மாட்டினாரு.

அப்பா, இரவு 8:45
நான்காவது லாரி 8:10க்கு வந்தது. டைரியில் எழுதிவிட்டேன்.

அத்தை, 8:50
அண்ணி, அந்தப் பழைய ஷீட்ல நல்ல துண்டா ஒண்ணு எடுத்து வைங்க. மாடில விறகு மூட ஆகும்.

16 மார்ச், ஞாயிறு

நான், 7:05
ரெண்டு வாரம் ஆச்சு. மறுபடி பக்கெட் டெஸ்ட். உள்ளயும் அரை சென்டிமீட்டர், வெளியயும் அரை சென்டிமீட்டர் 💃

அம்மா, 7:40
ஃபில்டர் ரூம் ஓரத்துல பச்சையா ஒண்ணு நீட்டிட்டு நிக்குது. கிழங்கோட எடுத்தேன்னு யாரோ சொன்னாங்களே