செக்வே தோற்றது விலையாலா, வேலை இல்லாததாலா?

திருச்சிக்காரன்:
2001 டிசம்பர் 3 அன்று கண்டுபிடிப்பாளர் டீன் கேமன் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தன் செக்வேயைக் காட்டினார். மின்சாரத்தில் ஓடி, விழாமல் தன்னைத்தானே சமன் செய்துகொள்ளும் வண்டி: இரண்டு சக்கரம், நடுவில் நிற்க ஒரு பலகை, பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. முன்னால் சாய்ந்தால் போகும், பின்னால் சாய்ந்தால் நிற்கும். கார் வந்ததும் குதிரைவண்டிக்கு என்ன ஆனதோ அதுதான் இனி காருக்கும் என்று நம்பினார் அவர். மாதம் 40,000 வண்டி செய்யும் அளவுக்குத் தொழிற்சாலை தயார். 2003இல், சார்ஜ் குறையும்போது ஓட்டுபவர் விழ வாய்ப்பிருக்கிறது என்று விற்ற வண்டிகளை எல்லாம் திரும்ப அழைத்தார்களே, அப்போதுதான் கணக்கு வெளியே வந்தது. அதுவரை விற்றது மொத்தமே சுமார் 6,000! 2020இல் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள்.

காலையில் எழுந்ததும் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எனக்கு இதற்குப் பதில் கிடைக்கவில்லை. 38 கிலோ எடை, படியில் தூக்கிக்கொண்டு ஏற முடியாது, பஸ்ஸில் ஏற்ற முடியாது, மழை வந்தால் நனைய வேண்டும், பிள்ளையைப் பின்னால் உட்காரவைத்துப் பள்ளிக்கூடத்தில் விடவும் வழியில்லை. பக்கத்தில் போக கால் இருக்கிறது, கொஞ்சம் தள்ளிப் போக சைக்கிள் இருக்கிறது.

மின்மினி:
சகோ, தோற்ற பிறகு காரணம் சொல்வது சுலபம். அதன் விலை ஏறக்குறைய 5,000 டாலர். அந்தக் காசுக்கு அங்கே ஓடுகிற பழைய கார் கிடைக்கும். அப்புறம் சட்டம். சான் பிரான்சிஸ்கோ எடுத்த எடுப்பிலேயே நடைபாதையில் ஓட்டக் கூடாது என்று தடை போட்டது. சாலையில் இறங்கினால் கார்களுக்கு நடுவே 20 கி.மீ. வேகத்தில் நின்றுகொண்டே போக வேண்டும், யாருக்குத் துணிச்சல் வரும்? ஓட்ட இடமே கொடுக்காமல் 'பயன் இல்லை' என்றால் எப்படி?

பயன் பல சமயம் பிறகுதான் தெரியும். எடிசன் 1877இல் ஒலியைப் பதிந்து திரும்பக் கேட்கவைக்கும் போனோகிராப் செய்தபோது, கடிதம் சொல்லி எழுதவைக்க உதவும் என்பதைத்தான் முதலில் நினைத்தார். அதை வாழவைத்தது பாட்டு. 1960இல் லேசர் வந்தபோதும் இது எதற்கு என்று கேட்டார்கள். 1974இல் ஒஹாயோவில் ஒரு பல்பொருள் அங்காடியில் சூயிங்கம் பாக்கெட்டின் பார்கோடைப் படித்தது அதே லேசர்தான்.

திருச்சிக்காரன்:
லேசரை யாரும் வீட்டுக்கு வீடு விற்கப் பார்க்கவில்லையே! அந்தப் பதினான்கு வருடமும் அதன் செலவைச் சுமந்தவை ஆய்வகங்களும் நிறுவனங்களும். செக்வேயில், என்ன பயன் என்று கண்டுபிடிக்கிற வேலையையும் அதற்கான செலவையும் வாங்குகிறவன் தலையில் கட்டினார்கள். போனோகிராப்பும் செக்வே மாதிரி இல்லை, பாட்டுக் கேட்கிற ஆசை மனிதனுக்கு முன்பே இருந்தது.

இன்னொன்று பாருங்கள். 2015இல் செக்வே நிறுவனத்தை வாங்கிய சீன நிறுவனம் நைன்பாட். அவர்களே செய்கிற மின்சார ஸ்கூட்டர், மடித்துக் கையில் எடுத்துப் போகிற வகை, உலகம் முழுக்க ஓடுகிறது. அதற்கும் பல ஊர்களில் நடைபாதைத் தடை இருக்கிறது. ஆனால் அதில் 12 கிலோ அளவிலான மாடல் உண்டு. ரயிலில் ஏறும்போது மடித்துக்கொள்ளலாம், அலுவலகத்தில் மேசைக்குக் கீழே தள்ளிவிடலாம். தன்னைத்தானே சமன் செய்கிற அந்த அற்புதமெல்லாம் அதில் கிடையாது. விலையும் செக்வேயில் ஒரு சிறு பங்குதான், அதை ஒப்புக்கொள்கிறேன்.

மின்மினி:
அந்தக் கடைசி வரியைத்தானே நான் முதலிலிருந்தே சொல்கிறேன்! தேவை இருந்தால் போதும் என்றால் ஐ-பாட் ஏன் நின்றது? பாட்டுக் கேட்கிற ஐபாட் இல்லை, செக்வேக்கு முன்பே அதே கேமன் உருவாக்கத் தொடங்கிய சக்கர நாற்காலி. அந்தச் சமன் செய்யும் நுட்பம் செக்வேக்குப் போனதே இதிலிருந்துதான். படி ஏறும், இரண்டு சக்கரத்தில் எழும்பி, உட்கார்ந்திருப்பவரை நிற்பவரின் கண் உயரத்துக்குக் கொண்டுவரும். 2003இல் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது. இதைவிடப் பெரிய அன்றாடத் தேவை உண்டா? ஆனால் 25,000 டாலருக்கு மேல் விலை, அரசு மருத்துவக் காப்பீடும் அந்த விலையைத் தரவில்லை, 2009இல் விற்பனையை நிறுத்தினார்கள்.

திருச்சிக்காரன்:
சரி, இந்த இடத்தில் நீங்கள் சொல்வது நியாயம். தேவை இருந்தும் விலை ஒரு பொருளைக் கொன்றுவிடும். ஆனால் பத்து வருடம் கழித்து ஐ-பாட்டைப் புது வடிவில் திரும்பக் கொண்டுவந்தார்கள். செக்வேயை அப்படி யாராவது கேட்டார்களா?

செம்பருத்தி:
இருவரும் மன்னிக்கவும், நடுவில் வருகிறேன். எங்கள் வீடு இரண்டாவது மாடி, லிப்ட் கிடையாது. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதம் ஆகிறது. படி மொத்தம் முப்பத்து நான்கு. டாக்டரிடம் போகிற நாளில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, தம்பியும் கீழ்வீட்டுப் பையனும் ஆளுக்கொரு பக்கம் தூக்குவார்கள். திருப்பத்தில் நாற்காலிக் கால் சுவரில் இடிக்கும், அப்பா கண்ணை மூடிக்கொள்வார். அந்தச் சுவரில் சுண்ணாம்பு பெயர்ந்தே போய்விட்டது. மின்மினி சொன்ன நாற்காலியை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். இது வீட்டுக்கு என்ன செய்யும் என்று நான் ஒரு நிமிடம்கூட யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

மின்மினி:
அக்கா, அதற்கு அகலமான படி வேண்டும், பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும் வேண்டும். உங்கள் படி எப்படி?

செம்பருத்தி:
கைப்பிடி ஒரு பக்கம் இருக்கிறது தம்பி. அகலத்தை நாளைக் காலையில் டேப் வைத்து அளந்து போடுகிறேன்.