பொருள்: 'கட்டமைப்புப் பரிணாமம்' போதுமா?

> செயற்கை மனங்களின் அமைப்பு காலப்போக்கில் மாறிவருவதற்குக் 'கட்டமைப்புப் பரிணாமம்' என்பதே போதும்.

வணக்கம் ஐயா,

அந்தக் கலைச்சொல் எனக்குப் போதும் என்று படவில்லை. பரிணாமம் என்றால் தலைமுறை தலைமுறையாகத் தானாகவே நடப்பது. இங்கே கத்தியோடு ஓர் ஆள் நிற்கிறார்.

சந்தூர்ப் பக்கம் மா நாற்றங்காலில் நெருக்கு ஒட்டு கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். என் சித்தப்பா, கொட்டையில் முளைத்த கன்றைத் தொட்டியோடு தூக்கிப்போய்த் தாய்மரக் கிளைக்குப் பக்கத்தில் வைப்பார். இரண்டிலும் பட்டையைச் சீவி, சீவிய இடங்களைப் பொருத்தி, பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கிக் கட்டுவார். இரண்டு மூன்று மாதம் கன்றுக்கு இரண்டு தலை. ஒட்டு பிடித்ததும் கன்றின் சொந்தத் தலையை வெட்டிவிட்டு, கிளையைத் தாய்மரத்திலிருந்து பிரித்தெடுப்பார். வேர் கன்றுடையது, காய் தாய்மரத்தின் பெங்களூரா ரகம்.

இன்றைய மொழி இயந்திரங்களுக்கு அடிப்படையான 'டிரான்ஸ்ஃபார்மர்' அமைப்பு வந்த கதையும் இதுதான். அதற்கு முன்பிருந்த, சொற்களை ஒன்றன்பின் ஒன்றாகப் படிக்கும் மீள்தொடர் வலை நீண்ட வாக்கியத்தை ஒரே பொட்டலமாகச் சுமக்கத் திணறியது. அதனால் 2014இல் மொழிபெயர்ப்புக்காக அதன்மேல், வாக்கியத்தின் எந்தச் சொற்களை உற்றுப் பார்ப்பது என்று தேர்ந்தெடுக்கும் 'கவனம்' என்ற பகுதியை ஒட்டினார்கள். கொஞ்ச காலம் இரண்டு தலை. 2017இல் மீள்தொடரை வெட்டிவிட்டுக் கவனத்தை மட்டும் வளரவிட்டார்கள். 1986இல் பரவலாக அறியவந்த, பிழையைப் பின்னோக்கி அனுப்பித் திருத்தும் பயிற்சிமுறைதான் இன்றும் வேர்.

ஆகவே 'ஒட்டுவளர்ச்சி' என்று வைக்கலாமா?

கணினியில் 'ஒட்டு' என்றால் பேஸ்ட் ஆயிற்றே என்பீர்கள். இலக்கணக்காரர்களுக்கு முன்னொட்டு, பின்னொட்டு வேறு இருக்கிறது. 'வளர்ச்சி' கூடவே நிற்பதால் குழப்பம் வராது என்று நினைக்கிறேன். பேஸ்ட் செய்தது எங்கே வளர்கிறது?

பரிணாமத்தைக் கைவிடச் சொல்லவில்லை. 2002இல் வெளிவந்த, செயற்கை நரம்பு வலைகளைப் பரிணமிக்க வைக்கும் 'நீட்' (NEAT) முறையில், சிறிய வலைகளில் தொடங்கி, வலைகளைக் கலந்து, திடீர்மாற்றத்தால் முனைகளும் இணைப்புகளும் தலைமுறை தலைமுறையாகக் கூடும். அதற்குப் பரிணாமம் கச்சிதம். இரண்டையும் ஒரே சொல்லில் அடைக்க வேண்டாம், அவ்வளவுதான்.

அப்புறம் ஒரு சிக்கல். நாளை ஓர் இயந்திரம் தன் அமைப்பைத் தானே வெட்டி ஒட்டிக்கொண்டால் அதை என்னவென்று சொல்வது? 'தன்னொட்டு' என்று எழுதிப் பார்த்தேன். சித்தப்பாவிடம் விளக்கியபோது, "செடி கையிலே கத்தியக் குடுத்துட்டு நீ எங்கடா நிப்ப?" என்றார். அந்தச் சொல்லை இன்னும் உறுதி செய்யவில்லை. நல்லது தோன்றினால் எழுதுங்கள்.